சான்ட்ரோவுக்குப் பழைய ரிம் வாங்கிய கிருஷ்ணகிரி கடை எப்படி?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐந்துக்கு நாலு நட்சத்திரம் கொடுக்கும் இந்தக் கடைக்குப் பெயர்ப் பலகையே கிடையாது. கிருஷ்ணகிரியில் சென்னை சாலைப் பக்கம் லாரி டயர்களை ஆள் உயரத்துக்கு அடுக்கி வைத்திருக்கிறார்களே, அந்த வரிசைக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை. சுவரில் சுண்ணாம்பால் ‘பழைய டிஸ்க் கிடைக்கும்’ என்று எழுதியிருக்கும், அவ்வளவுதான் விளம்பரம். டிஸ்க் பாய் கடை என்று கேட்டால் பக்கத்துப் பஞ்சர் கடையில் கை காட்டுவார்கள். (நம் பக்கம் ரிம்மை டிஸ்க் என்றுதான் சொல்கிறார்கள். வேறு ஊரிலிருந்து வருபவர்கள் பிரேக் டிஸ்க்கோடு குழப்பிக்கொள்ள வேண்டாம், நான் குழப்பிக்கொண்டேன்.)

வண்டி 2008 ஹூண்டாய் சான்ட்ரோ ஜிங். அப்பா வாங்கியது. இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, 2014 கடைசியில் அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள், 2018-இல் அதே பெயரில் வந்தது வேறு வண்டி. எஞ்சின் இன்னும் பஞ்சு மாதிரி ஓடுகிறது, விற்க மனசு வரவில்லை. போன ஐப்பசி மழையில் பென்னாகரம் ரோட்டில் தண்ணீர் நின்ற குழியில் இடது முன் சக்கரம் இறங்கி ‘டங்’ என்று ஒரு சத்தம். டயருக்கு ஒன்றும் ஆகவில்லை, ரிம் ஓரம் மட்டும் உள்ளே மடங்கிவிட்டது. பஞ்சர் கடையில் சுத்தியால் தட்டி நிமிர்த்திக் கொடுத்தார்கள், மூன்று நாளைக்கு ஒரு முறை காற்று இறங்கியது. டயரைப் பிரித்துப் பார்த்தால், டயர் போய் உட்காரும் விளிம்பு முழுக்கத் துரு, நகத்தால் சுரண்டினால் பொருக்குப் பொருக்காக வருகிறது. மற்ற மூன்றும் கிட்டத்தட்ட அதே லட்சணம். சரி, நாலையும் மாற்றிவிடலாம் என்று கிளம்பினேன்.

முதலில் போனது தர்மபுரியிலேயே ஒரு கடை. பெயர் வேண்டாம். ஏசி, காபி எல்லாம் கொடுத்தார்கள். “ஸ்டீல் டிஸ்க் எதுக்கு சார், அலாய் போட்டுடுங்க, வண்டி புதுசு மாதிரி ஆயிடும்” என்று ஒரு பழைய ஹோண்டா சிட்டியிலிருந்து கழற்றிய 14 இன்ச் அலாய் (அலுமினியக் கலவை ரிம்) நாலையும், அதிலேயே இருந்த 175/65 ஆர்14 டயரோடு 14,000 ரூபாய்க்குத் தலையில் கட்டினார்கள். “நாலு ஓட்டை, பிசிடி 100, உங்களதும் 100, அப்படியே மாட்டிடலாம்.” அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் வயிற்றெரிச்சல். பிசிடி என்றால் நட்டு ஓட்டைகளின் நடுப்புள்ளிகள் வழியாகப் போகும் வட்டத்தின் விட்டம். சான்ட்ரோவுக்கும் 100 மி.மீ. பிசிடிதான், சிட்டிக்கும் 100தான். நட்டின் மரை கூட இரண்டுக்கும் ஒன்றுதான், 12 மி.மீ. போல்ட்டு, 1.5 பிட்ச் (மரைக்கு மரை இடைவெளி 1.5 மி.மீ.). அதனால் என் பழைய நட்டுகள் வழுவழு என்று கடைசி வரை ஏறின. யாருக்கும் சந்தேகமே வராது. பார்க்க வண்டி உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது, அதை மறைக்க மாட்டேன், தெருவில் இரண்டு பேர் விசாரித்தார்கள்.

எழுபதைத் தாண்டினால் ஸ்டீயரிங் நடுங்கியது. இரண்டு தடவை பேலன்சிங் போட்டார்கள், இரண்டு தடவையும் மெஷினில் பூஜ்யம் காட்டியது, ரோட்டில் நடுக்கம் அப்படியே இருந்தது. ஸ்டீயரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பினால் டயர் உள்ளே மட்கார்டில் உரசியது. மேட்டில் வண்டி இழுக்கவில்லை. “புது டயர்னா முதல்ல அப்படித்தான் இருக்கும் சார், பழகிடும்” என்றார்கள். அது புது டயரே கிடையாது!

அப்புறம் ஒரு நாள் சேலத்தில் கல்யாணம், பின் சீட்டில் அம்மாவும் அத்தையும். தொப்பூருக்கு முன்னால் இடது பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று சத்தம், வேகம் கூடக் கூட அதுவும் கூடுகிறது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தால் முன் சக்கரத்தில் இரண்டு நட்டு விரலாலேயே திரும்புகிறது. தொப்பூர் கணவாய் இறக்கம் எப்படிப்பட்ட இடம் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிரேக் பிடிக்காத லாரிக்குப் பயந்துதான் எல்லோரும் அங்கே ஓட்டுவார்கள், நான் என் சக்கரமே கழன்று முன்னால் ஓடியிருக்கும் நிலைமையில் போயிருப்பேன். “ஏன்டா, பஸ்ஸுலயே போயிருக்கலாம்ல” என்றார் அத்தை. வீல் ஸ்பேனரால் இறுக்கிவிட்டு நாற்பதிலேயே உருட்டிக்கொண்டு போய்ச் சேர்ந்தோம்.

கிருஷ்ணகிரி கடையை அதற்குப் பிறகுதான் கூட வேலை செய்யும் ஒருவர் சொன்னார். காரிமங்கலம், காவேரிப்பட்டணம் தாண்டி, நாற்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல். ஒரு ரிம்முக்கு இவ்வளவு தூரமா என்று வீட்டில் கேட்டார்கள்.

பாய்க்கு அறுபது வயசு இருக்கும். என்ன வேணும், எவ்வளவு பட்ஜெட் என்று ஒன்றும் கேட்கவில்லை. “தம்பி, ஒரு சக்கரத்த கழட்டு” என்று பையனிடம் சொன்னார். கழற்றியதும் நட்டை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, “முனையைப் பாருங்க” என்றார். பம்பரத்தின் அடிப்பக்கம் மாதிரி சரிவாகக் கூர்ந்து இருந்தது. அப்புறம் என் ஆள்காட்டி விரலைப் பிடித்து ரிம்மின் நட்டு ஓட்டைக்குள் விட்டு ஒரு சுற்றுச் சுற்றச் சொன்னார். அங்கே சரிவு இல்லை, கிண்ணத்தின் உள்பக்கம் மாதிரி உருண்டையான குழி. அந்தக் குழியில் ஓரிடத்தில் மட்டும் நூல் கனத்துக்கு ஒரு பளபளப்பான வளையம், மற்ற இடமெல்லாம் மங்கல். “உங்க நட்டு இந்தக் கோட்டுல மட்டும்தான் தொடுது. புனலுக்குச் செஞ்ச நட்ட கிண்ணத்துல வச்சு இறுக்கியிருக்காங்க. எவ்வளவு இறுக்கினாலும் தளரும்.”

இதுதான் விஷயம். ஹோண்டா தன் வண்டியோடு கொடுக்கும் ரிம்களில் நட்டு உட்காரும் இடம் உருண்டை, அதற்கு உருண்டை முனை நட்டுதான் போட வேண்டும். ஹூண்டாய், மாருதிக்கெல்லாம் சரிவு. வெளிக் கம்பெனி அலாய் என்றால் ஹோண்டாவுக்கு விற்பதாக இருந்தாலும் பெரும்பாலும் சரிவாகத்தான் வரும், அதனால் வண்டிப் பெயரை வைத்து முடிவு செய்யாமல் விரலை விட்டுப் பார்ப்பதுதான் ஒரே வழி.

நடுக்கத்துக்குக் காரணம் வேறு. ரிம் நடுவில் இருக்கும் பெரிய ஓட்டை ஹப்பின் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுக் குமிழ்) மேல் கச்சிதமாக உட்கார வேண்டும், மாட்டும்போது ரிம்மை அந்த உட்காரல்தான் நடுவில் பிடித்து வைக்கிறது. சான்ட்ரோ ஹப் 54.1 மி.மீ., சிட்டி ரிம் ஓட்டை 56.1. இரண்டு மி.மீ. இடைவெளி. நட்டாவது சரியாக உட்கார்ந்திருந்தால் ரிம்மை நடுவுக்குக் கொண்டுவந்திருக்கும், இங்கே அதுவும் இல்லை, ஆக ஒவ்வொரு தடவை கழற்றி மாட்டும்போதும் ரிம் ஒரு பக்கமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கிறது. பேலன்சிங் மெஷின் ரிம்மைத் தன் கூம்பில் நடுவாகப் பிடித்துச் சுற்றுகிறது, அங்கே பூஜ்யம் காட்டாமல் என்ன செய்யும்?

டயர் கணக்கை நான் வீட்டுக்கு வந்து போட்டேன். என் வண்டிக்குக் கம்பெனி அளவு 155/70 ஆர்13. அகலம் 155 மி.மீ., அதில் 70 சதவீதம் பக்கச் சுவர் உயரம், மேலே ஒன்று கீழே ஒன்று, நடுவில் 13 இன்ச் ரிம், எல்லாம் கூட்டினால் மொத்த உயரம் 547 மி.மீ. மாட்டிவிட்டது 583. முப்பத்தாறு மி.மீ. பெரிய சக்கரம், அதாவது ஆறரை சதவீதம். உரசாமல் இருக்குமா? மீட்டரில் 80 காட்டும்போது நிஜத்தில் 85-இல் போய்க்கொண்டிருந்திருக்கிறேன். 14 இன்ச் ரிம்தான் வேண்டும் என்றால் 165/60 ஆர்14 போட்டிருந்தால் 554-க்குள் வந்திருக்கும், ஒன்றும் தெரிந்திருக்காது. ரிம் பெரிதானால் டயர்ச் சுவர் குறைய வேண்டும் என்ற இவ்வளவு சின்னக் கணக்கை ஏசி போட்ட கடையில் யாரும் போடவில்லை, நானும் போடவில்லை.

பாயிடம் எனக்குப் பிடித்தது, உடனே தன் சரக்கை விற்கப் பார்க்கவில்லை. “உருண்ட நட்டு பதினாறும், 56.1-க்கு 54.1 ரிங் நாலும் வாங்கிப் போட்டா இதையே ஓட்டலாம், டயர் மட்டும் மாத்திடுங்க” என்றார். (ரிங் என்றால் ஹப்புக்கும் ரிம் ஓட்டைக்கும் நடுவே அந்த இடைவெளியை அடைக்கும் வளையம்.) நாலு புது டயருக்கு என்னிடம் காசு இல்லை. பழைய 13 இன்ச் டயர்களை எக்ஸ்சேஞ்சில் தள்ளாமல் வீட்டுக்குத் தூக்கி வந்து வைத்திருந்தேன், அதுதான் காப்பாற்றியது. ஹூண்டாய் ஐ10-இலிருந்து வந்த 13 இன்ச் ஸ்டீல் டிஸ்க் நாலு எடுத்துக்கொண்டேன். பிசிடி 100, நடு ஓட்டை 54.1, நட்டுச் சரிவு, மரை எல்லாமே சான்ட்ரோவுடையதுதான். ஆஃப்செட்டையும் பார்த்தார், ரிம்மில் ஈடி என்று ஆங்கிலத்தில் அடித்து பக்கத்தில் எண் இருக்கும். எண் குறைந்தால் சக்கரம் வெளியே துருத்தும், வீல் பேரிங்குக்குப் பாரம். கூடினால் உள்ளே போய் ஷாக் அப்சார்பரில் இடிக்கும். என் பழைய டிஸ்க்கோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தோம், வித்தியாசம் தெரியவில்லை.

டிஸ்க் ஒன்று 900 ரூபாய். பேரம் பேசியும் குறைக்கவில்லை. ஆனால் பொறுக்கி எடுக்க விட்டார், எப்படிப் பொறுக்குவது என்றும் அவரே காட்டினார்: நட்டு ஓட்டை வட்டமாக இருக்கிறதா, முட்டை வடிவமாக இழுத்துக்கொண்டிருக்கிறதா, நடுத்தட்டும் வெளி வளையமும் சேரும் வெல்டிங் ஓரத்தில் முடி மாதிரி விரிசல் ஓடுகிறதா, அப்புறம் சில்வர் பெயின்ட் புதுசாக மின்னினால் டயர் உட்காரும் விளிம்பில் சாவியால் கீறிப் பார்க்க வேண்டும், துருவுக்கு மேலேயே அடித்திருப்பார்கள். அவர் கடையிலேயே அப்படி இரண்டு கிடந்தன, அவராகவே ஒதுக்கினார். பழைய அலாய் வாங்குவதாக இருந்தால் எனக்கு இன்னும் பயம்தான், ஸ்டீல் மடங்கும், தட்டி நிமிர்த்தலாம், அலாய் விரிசல் விடும், வெல்டிங் வைத்துத் தேய்த்துப் பெயின்ட் அடித்தால் கண்ணுக்கே தெரியாது.

குறைகள் இல்லாமல் இல்லை. பில் கிடையாது, பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தார். பேலன்சிங் மெஷின் இல்லை, அரை கிலோமீட்டர் தள்ளி வேறு கடைக்குப் போக வேண்டும். அங்கே போட்டுப் பார்த்தபோது நாலில் ஒன்று சுற்றும்போது லேசாக ஆடியது. திரும்ப எடுத்துக்கொண்டு வந்தால் வெள்ளிக்கிழமை மதியம், பாய் தொழுகைக்குப் போய்விட்டார், உட்கார ஒரு ஸ்டூல் கூடக் கிடையாது, வெயிலில் ஒன்றரை மணி நேரம் லாரி டயர் மேல் உட்கார்ந்திருந்தேன். வந்ததும் ஒரு வார்த்தை பேசாமல் மாற்றிக் கொடுத்தார் என்பதால் அரை நட்சத்திரம் மட்டும் குறைக்கிறேன், மீதி அரை பில் இல்லாததற்கு.

போவதாக இருந்தால் பழைய டிஸ்க் ஒன்றைக் கையோடு கொண்டுபோங்கள். போக முடியாமல் ஆன்லைனில் பார்க்கிறவர்கள் வீட்டிலேயே அளக்கலாம். நாலு ஓட்டை ரிம் என்றால் எதிரெதிர் ஓட்டைகளில் ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து மற்றதன் உள் விளிம்பு வரை ஸ்கேல் வைத்தால் பிசிடி நேராக வந்துவிடும், நடுப்புள்ளி தேட வேண்டாம். மாருதி 800 வைத்திருப்பவர்கள் என் கதையைப் படித்து 100 வாங்கிவிடாதீர்கள், உங்களுக்கு 114.3, மாருதி நட்டின் பிட்ச் 1.25, அதை ஹூண்டாய் போல்ட்டில் அடித்து ஏற்றினால் மரை போய்விடும். ஃபோர்டு ஐக்கான் 108. எல்லாவற்றிலும் மோசம் ஃபியட் பாலியோ, அதற்கு 98. இரண்டே மி.மீ. வித்தியாசம், 100 ரிம் அதில் ஏறிவிடும், ஏறுகிறதே என்று மாட்டியும் விடுவார்கள், போல்ட் எல்லாம் சாய்ந்து நிற்கும்.

இப்போது இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. மாட்டிய பிறகு நூறு கிலோமீட்டருக்குள் ஒரு தடவை நட்டுகளைத் திரும்ப இறுக்கச் சொன்னார், இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 10 கிலோ வைத்து இறுக்கினேன் (சான்ட்ரோவுக்கு 9 முதல் 11 கிலோ), அதற்குப் பிறகு ஒன்றும் தளரவில்லை. தொண்ணூறில் ஸ்டீயரிங் அசையாமல் நிற்கிறது. அத்தை மட்டும் இன்னும் பஸ்ஸில்தான் போகிறார்.

அந்த அலாய் நாலும் மாடிப்படிக்கு அடியில் கிடக்கிறது. பழைய சிட்டி வைத்திருப்பவர்கள் யாராவது இருந்தால் அப்படியே பொருந்தும், விரிசல் எதுவும் இல்லை, உருண்டை நட்டு மட்டும் நீங்கள் வைத்திருக்க வேண்டும்.