மூத்த ஊழியரின் கைப்பக்குவம்: கூடவே நின்று கற்பதா, பதிவு செய்து வைப்பதா?

சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியது 1987 நவம்பரில். அன்று வேலைக்குச் சேர்ந்த இளைஞர்கள் இப்போது ஓய்வு வயதைத் தொட்டுவிட்டார்கள். அவர்களின் கைப்பக்குவத்தை இளையவர்களுக்குக் கொடுக்க இரண்டு வழிகள்.

கூடவே நிற்பது: பாயிண்ட் மெஷின் (ரயில் தடம் மாறத் தண்டவாளத்தை நகர்த்தும் கருவி) திணறும்போது எழும் சத்தத்தைக் கையேடு சொல்லித் தராது; பக்கத்தில் நின்று கேட்டால்தான் காதில் ஏறும். சிக்கல் நேரத்தில் இருக்கிறது. கடைசி ரயிலுக்கும் முதல் ரயிலுக்கும் நடுவே பராமரிப்புக்குக் கிடைப்பது ஏறத்தாழ மூன்றரை மணி நேரம். மின்சாரத்தை நிறுத்தி உறுதிசெய்வது, கருவிகளை எண்ணி வெளியேறுவது போக, ஆற அமரக் கற்பிக்க என்ன மிஞ்சும்? அபூர்வமான பழுது வரும் இரவில் இளையவர் வேறு ஷிஃப்டில் இருப்பார். ஓய்வுக்கு ஒரு மாதம் இருக்கையில் ஜோடி சேர்ப்பது வெறும் கண்துடைப்பு. ஓராண்டாவது வேண்டும், ஒருவர் வேலை மாறிப் போகலாம், ஆகவே இருவரைச் சேர்க்க வேண்டும்.

பதிவு: “தெரிந்ததைச் சொல்லுங்கள்” என்றால் கையேடே திரும்ப வரும். “கையேடு சொன்ன இடத்தை விட்டு வேறிடத்தை முதலில் பார்த்தது எப்போது, ஏன்?” என்று கேளுங்கள். ஒரு பழுதுக்கு ஒரு காணொளி, ஐந்து நிமிடத்துக்குள். தலைப்பில் கருவியின் வகையும் பழுதுக் குறியீடும். தமிழில் சரளமாகப் பேசுபவரை ஆங்கிலத்தில் பேசவைத்தால் பாதி நுணுக்கம் உதிர்ந்துவிடும். அவர் மொழியிலேயே பதிந்துவிட்டு, எழுத்தைப் பிறகு சேர்க்கலாம். கருவி மாறிய அன்றே பழைய பதிவை நீக்காவிட்டால், அது இல்லாததைவிட ஆபத்து.

கைவேலைக்கு முதல் வழிதான். எந்த வளைவில் மாடிப் பேருந்தின் பின்பகுதி வெளியே வீசும் என்பது போன்ற வழித்தட விவரத்துக்குப் படமும் இரண்டு வரிக் குறிப்பும் போதும்.