பழுதான டிஎஸ்எக்ஸ்: ஹோஸ்ட் சிபியுவை அப்படியே காட்டுவதா, மாடல் பெயர் கொடுப்பதா?

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ வேலூர் டவுனிலோ உள்ள சின்ன ஆபீஸுக்குக் கட்டுப்படியாகும் செட்டப்: செகண்ட்ஹாண்டில் இன்டெல் ஜியான் இ5 வி3 (ஹாஸ்வெல் தலைமுறை) சர்வர் ஒன்று, அடுத்த தலைமுறை வி4 ஒன்று, இரண்டிலும் கேவிஎம் (விர்ச்சுவல் மெஷின்களை, அதாவது விஎம்களை, ஓட்டும் லினக்ஸ் வசதி). மே மாத வெயிலில் ஒரு பெட்டி சூடேறினால், ஓடுகிற விஎம்மை அடுத்ததற்குத் தள்ளிவிடலாம். தள்ள முடியுமா என்பதைத் தீர்மானிப்பது சிபியு செட்டிங்தான்.

ஒரே பெட்டிதான், மைக்ரேஷனே (விஎம்மை இப்படித் தள்ளுவது) இல்லை என்றால் ஹோஸ்ட்-பாஸ்த்ரூ (பெட்டியின் சிபியுவை விஎம்முக்கு அப்படியே காட்டுவது) போடுங்கள், பேச்சே இல்லை. ஹோஸ்ட்-மாடல் நடுவாந்திரம்: விஎம் எந்தப் பெட்டியில் ஸ்டார்ட் ஆகிறதோ அதன் வசதிகளை எடுத்துக்கொள்ளும். வி4-ல் கிளம்பியது வி3-க்குப் போக மறுக்கும்.

என் ஓட்டு ஹாஸ்வெல்-நோடிஎஸ்எக்ஸ்-ஐபிஆர்எஸ் என்று மாடலைப் பெயர் சொல்லிக் கொடுப்பதற்கே. காரணம் ஒன்றுதான், மைக்ரோகோட் (சிபியுவுக்குள் ஓடும், அப்டேட் செய்யக்கூடிய கோட்). ஹாஸ்வெல்லின் டிஎஸ்எக்ஸில் (பல த்ரெட்கள் லாக்குக்குக் காத்திராமல் மெமரியைப் பகிர உதவும் வசதி; ஹெச்எல்இ, ஆர்டிஎம் அதன் இரு பகுதிகள்) பிழை இருப்பதை 2014 ஆகஸ்டில் இன்டெல் ஒப்புக்கொண்டு, மைக்ரோகோட் வழியாகவே அதை அணைத்தது. அதனால் பயோஸ் அப்டேட் ஆன வி3-ல் ஆர்டிஎம் இருக்காது, வி4-ல் இருக்கும். ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரி) போன்றவை ஆர்டிஎம் உண்டா என்று காட்டும் பிட்டை புரோகிராம் தொடங்கும்போது ஒரு தடவைதான் பார்க்கும். பாஸ்த்ரூ விஎம்மை வி4-லிருந்து வி3-க்குத் தள்ளினால் தடுக்க ஆளில்லை. போய்ச் சேர்ந்தபின் ஆர்டிஎம்மின் எக்ஸ்பிகின் கட்டளை வந்ததும் இல்லீகல் இன்ஸ்ட்ரக்ஷன் என்று புரோகிராம் விழும். வெறும் ஹாஸ்வெல் என்று கொடுத்தாலும் வம்பு: ஹெச்எல்இ, ஆர்டிஎம் இல்லை என்று சொல்லி, விஎம்களை நிர்வகிக்கும் லிப்வர்ட் அதைக் கிளப்பாது. அதுகூடப் பரவாயில்லை, முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

நஷ்டமும் உண்டு. வி4-ன் ஏடிஎக்ஸ் (பெரிய எண் கூட்டல்), ஆர்டிசீட் (ரேண்டம் எண்), எஸ்மேப் (கெர்னல் தவறி யூசர் மெமரியைத் தொடாமல் தடுப்பது) மூன்றும் கெஸ்டுக்கு (விஎம்முக்குள் ஓடும் ஓஎஸ்ஸுக்கு) கிடைக்காது. டாலி, ஃபைல் சர்வருக்கு முதல் இரண்டும் உறைக்காது. எஸ்மேப் பாதுகாப்பு விஷயம், யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏஎம்டி பக்கம் இவ்வளவு அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கும் ஜென் 2 சிபியுவின் எக்ஸ்சேவ்எஸ் (ரெஜிஸ்டர் நிலையைச் சேமிக்கும் கட்டளை) பிழைக்காக, கேவிஎம்மோடு சேர்ந்து விஎம்மை ஓட்டும் கியூஎமுவில் அந்த வசதியை நீக்கிய ஈபிக்-ரோம்-வி4 மாடல் இருக்கிறது.

மாற்றும்போது: லிப்வர்ட்டின் விர்ஷ் எடிட் கமாண்டில் மோடை கஸ்டம், செக்கை பார்ஷியல் என்று வையுங்கள். கெஸ்டுக்குள் ரீபூட் கொடுத்தால் பழைய சிபியுவே நிற்கும். முழுசாக ஷட்டவுன் செய்து ஸ்டார்ட் பண்ண வேண்டும். பிறகு கெஸ்டின் சிபியுஇன்ஃபோவில் ஆர்டிஎம் இருக்கிறதா என்று தேடுங்கள். வந்தால் எடிட் ஏறவில்லை.