பெரியமேடு நேரு ஸ்டேடியம்: ஓடுபவருக்கு ஒரு மார்க், பந்து பார்ப்பவருக்கு வேறு மார்க்

முதலில் வழி. மெட்ரோவில் ‘நேரு பூங்கா’ என்ற பெயரைப் பார்த்து இறங்கி ஏமாறுபவர்கள் இன்றும் உண்டு. ஸ்டேடியத்துக்கு சென்ட்ரலில்தான் இறங்கவேண்டும். ரிப்பன் மாளிகைக்குப் பின்னால் இருக்கிறது.

பழைய பெயர் கார்ப்பரேஷன் ஸ்டேடியம். 1956 முதல் 1965 வரை சென்னையின் டெஸ்ட் போட்டிகள் நடந்தது சேப்பாக்கத்தில் அல்ல, இங்கேதான். 1956 ஜனவரியில் நியூசிலாந்துக்கு எதிராக வினு மன்கட்டும் (231) பங்கஜ் ராயும் (173) முதல் விக்கெட்டுக்குச் சேர்த்த 413 ரன், 2008 வரை உலக சாதனை. அதைச் சேப்பாக்கம் கணக்கில் எழுதிவிடுபவர்கள் நிறைய.

இப்போது இது தடகளத்துக்கும் கால்பந்துக்குமான இடம். சிந்தெடிக் டிராக்கில் ஓட்டக் காலணியின் அடியில் உள்ள ஸ்பைக் ஆணி 9 மி.மீ. நீளத்துக்கு மேல் போகக்கூடாது. உயரம் தாண்டுதலுக்கும் ஈட்டிக்கும் மட்டும் 12 வரை. தேய்ந்த ஆணியை மாற்றாமல் விட்டால் திருகு மரை கெட்டு, பிறகு கழற்றவே வராது. டிராக் உள்பக்கமாக லேசாகச் சரிந்திருக்கும், அதனால் மழை நின்றபின் கடைசியாகக் காய்வது முதல் லேன். அன்றைக்கு வெளி லேனுக்கு மாறினால் கணக்கும் மாறும்: எட்டாவது லேனில் ஒரு சுற்று 400 இல்லை, ஏறக்குறைய 453 மீட்டர். பத்துச் சுற்றில் அரை கிலோமீட்டர் கூடிவிடும். ‘இன்னிக்கு டைம் விழலையே’ என்ற புலம்பலுக்குப் பாதிக் காரணம் இதுதான்.

கால்பந்து பார்க்க வருபவர்களுக்கு அதே டிராக்தான் எதிரி. வழக்கமான அளவுகளில் போட்டுப் பார்த்தால், கோல் கோட்டிலிருந்து வளைவின் வெளி ஓரம் வரை 36 மீட்டர் போல வரும். கேலரி அதற்கும் அப்பால். கோலுக்குப் பின்னால் உட்கார்ந்தால் எதிர்முனையில் நடப்பது புள்ளிபுள்ளியாகத்தான் தெரியும். நீளவாட்டுப் பக்கத்தில், மேல் வரிசையாகப் பார்த்து டிக்கெட் எடுங்கள். கீழ் வரிசையில் மைதானம் தட்டையாகத் தெரியும், ஆஃப்சைடு பிடிபடாது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வானத்தை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். 2015 வெள்ளத்தில் ‘சென்னையின் எஃப்சி’ கால்பந்து அணியின் அரையிறுதி ஆட்டமே புனேக்குப் போனது.

இன்னொன்று: பக்கத்திலேயே நேரு உள்விளையாட்டு அரங்கம் தனியாக இருக்கிறது. 2022 செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழா நடந்தது அதில்தான். டிக்கெட்டில் ‘இண்டோர்’ என்று இருக்கிறதா பார்த்துவிட்டு வரிசையில் நில்லுங்கள்.