காசு, நோட்டு படம் எடுக்க ஸ்கேனரா, போனா?

அப்பா சேத்து வச்ச காசு நோட்டு எல்லாத்தையும் படமா எடுத்து வைக்கலாம்னு உக்காந்தேன், ஸ்கேனர்ல போடறதா போன்லயே எடுக்கறதானு குழப்பம், ஒரு வாரம் ரெண்டுலயும் மாத்தி மாத்தி பாத்தாச்சு.

நோட்டுக்கு ஸ்கேனர்தான், யோசிக்கவே வேணாம். 600 டிபிஐல (ஒரு இன்ச்சுக்கு 600 புள்ளி) போட்டா பொடி எழுத்து, மடிப்பு, பின் குத்துன ஓட்டை வரைக்கும் தெரியுது, நாலு மூலையும் நேரா நிக்குது. போன்ல ஒரு பக்கம் கோணிக்கும், கை நிழல் வேற. ஆனா வாட்டர்மார்க் வேணும்னா ஜன்னல் கண்ணாடில நோட்ட வச்சு போன்லதான் எடுக்கணும். புது 500 ரூபா நோட்டுல சாச்சு பாத்தா பச்சை நீலமா மாறுமே அந்த நூல், அதுவும் ஸ்கேனருக்கு பிடிபடாது.

காசுக்கு கதையே வேற. எங்ககிட்ட 1919 ஜார்ஜ் மன்னர் வெள்ளி ரூபா ஒண்ணு இருக்கு, அவர் அங்கில ஒரு குட்டி யானை இருக்கும். 1911ல அடிச்சதுல அது பன்னி மாதிரி இருக்குனு பெரிய பிரச்சனையாகி, அப்புறம் தும்பிக்கைய திருத்துனாங்க. ஸ்கேனர்ல அந்த யானை வெறும் கறையாத்தான் வந்துச்சு. மெலிசா இருக்கற ஸ்கேனருக்கு கண்ணாடிய ஒட்டி இருக்கறது மட்டும்தான் ஷார்ப்பா தெரியும், காசோட விளிம்பு மேடு நடுவுல இருக்கறத கொஞ்சம் தூக்கிடுது, போச்சு. உள்ள லென்ஸ் வச்ச பழைய தடி சிசிடி ஸ்கேனர்னா ஃபோகஸ் பரவால்ல, ஆனா லைட்ட நம்ம இஷ்டத்துக்கு நகத்த முடியாதே.

போன்ல முதல்ல மேக்ரோல கிட்ட போய் சொதப்புனேன், போன் நிழலே காசு மேல விழுந்துச்சு. அப்புறம் உயரமான ரெண்டு டப்பா மேல போன குறுக்க வச்சு, 2எக்ஸ் ஜூம், 3 செகண்ட் டைமர், ஃப்ளாஷ் ஆஃப். காசு கடிகாரம்னா 11 மணி பக்கம் டேபிள் லேம்ப், எதிர்ல ஒரு வெள்ளை பேப்பர், அவ்ளோதான், யானைக்கு தும்பிக்கை வந்துடுச்சு! மஞ்ச பல்பு மட்டும் வேணாம், வெள்ளி பித்தளை ஆயிடும். கறுத்துப் போன ராஜராஜன் செப்புக்காசுக்கு லேம்ப்ப இன்னும் தாழ்த்தணும், அப்பதான் நிக்கற உருவத்தோட கையே தெரியும்.

பளபளனு வரணும்னு புளி போட்டு தேச்சிடாதீங்க. சித்தப்பா தேச்ச வெள்ளிக்காசு ஒண்ணு, எந்த லைட்ல வச்சாலும் கோடு கோடாத்தான் வருது.