எக்செலா, ஆரா? முதலாண்டு புள்ளியியல் வரைபடங்களுக்கு எது?

சென்னைக் கல்லூரிகளில் புள்ளியியல் தொடங்குபவர்களுக்கு எக்செலில் வரைவதா, ஆர் (R) என்ற புள்ளியியல் நிரல்மொழியில் வரைவதா என்ற குழப்பம் வரும். நுங்கம்பாக்கத்தின் தினசரி மழையளவை வைத்தே பார்ப்போம்.

செலவு: ஆர் இலவசம். கணினியில் நிறுவும் எக்செலுக்குப் பொதுவாகக் காசு; 2016க்கு முந்தைய பதிப்பென்றால் ஹிஸ்டோகிராம் (மதிப்புகளின் பரவலைக் காட்டும் பட்டைப்படம்) வகையே பட்டியலில் இருக்காது.

ஹிஸ்டோகிராம், எக்செலில்: பலர் காலம் (Column) சார்ட்டைத் தேர்ந்துவிடுகிறார்கள். நாளுக்கொரு பட்டை வரும், பரவல் தெரியாது. இன்சர்ட்டில் ஸ்டாட்டிஸ்டிக் சார்ட்டை எடுத்து, ஃபார்மேட் ஆக்சிஸில் பின் (bin) அகலத்தை, அதாவது ஒவ்வொரு பட்டையின் இடைவெளியை, 20 மி.மீ. ஆக்குங்கள்.

ஆரில்: பிரேக்ஸ் (breaks, பட்டைகளின் எண்ணிக்கை) 10 என்பது பரிந்துரைதான், கூடவோ குறையவோ வரலாம். அதற்குப் பதில் பட்டைகளின் எல்லைகளை நீங்களே வரிசையாகக் கொடுங்கள். 200 மி.மீ.யோடு நிறுத்தி, ஒரு நாள் மழை அதைத் தாண்டியிருந்தால் பிழைச்செய்திதான் வரும்.

பாக்ஸ் பிளாட் (தரவின் நடுப்பாதியைப் பெட்டியாகக் காட்டும் படம்): மதிப்பெண் போவது இங்கேதான். 1 முதல் 7 வரையான எண்களுக்கு எக்செல் பெட்டியை 2இலிருந்து 6 வரை வரையும், ஆர் 2.5இலிருந்து 5.5 வரை. பெட்டியின் விளிம்புகளான கால்மானங்களை (தரவை நான்காகப் பிரிக்கும் மதிப்புகள்) கணக்கிடும்போது எக்செல் இடைநிலை அளவை (மீடியன்) விலக்கிவிடுகிறது. ஃபார்மேட் டேட்டா சீரிஸில் இன்குளூசிவ் மீடியனைத் தேர்ந்தால் இந்த எண்களுக்கு இரண்டும் ஒத்துப்போகும். பாடநூல் முறை எதுவென்று முதலில் பாருங்கள்.

ஒன்றிரண்டு அசைன்மென்ட்தான் என்றால் எக்செல் போதும். மாதாமாதம் புதுத் தரவில் அதே படம் வேண்டுவோரும், பட்டப்படிப்பு முழுக்கப் புள்ளியியல் படிப்போரும் ஆரில் தொடங்கிவிடுங்கள்.