லாரி மண் கணக்கு: துண்டுச் சீட்டா, செயலியா?

கோவையில் அடித்தளம் தோண்டிய மண்ணைச் சூலூர்ப் பக்கம் பள்ளம் நிரப்ப அனுப்புகிறவர்களுக்கு, எத்தனை லோடு போனது என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதுவதா, கைபேசிச் செயலியில் பதிவதா என்று வரும் குழப்பம் இது.

செலவு: சீட்டுப் புத்தகம் மலிவு. செயலிக்குச் சந்தா, லாரிக்கு லாரி ஜிபிஎஸ் கருவி.

நம்பகம்: தகராறே இங்கேதான். ஏற்றிய இடத்தில் 42 சீட்டு, இறக்கிய இடத்தில் 39 என்றால் மூன்று லோடு எங்கே? டிரைவரின் சட்டைப் பையில் வியர்வையில் மை கரைந்த சீட்டு பதில் சொல்லாது. செயலியில் இரு முனையிலும் கியூஆர் குறியை ஸ்கேன் செய்தால் நேரமும் இடமும் பதிவாகிவிடும். ஆனால் டிப்பர் பாதிதான் நிரம்பியிருக்கிறது என்பது ஜிபிஎஸ்ஸுக்குத் தெரியாது, அதற்கு எடைமேடைதான். தோண்டிய மண் உப்பிப் பெருகும் என்பதால், குழியின் அளவை வைத்து லோடு எண்ணினாலும் கணக்கு உதைக்கும்.

மண்ணின் தரம்: செம்மண்ணா, கரிசலா என்று இரண்டிலும் ஆள்தான் எழுத வேண்டும். கரிசல் ஈரத்தில் விரியும். தெரியாமல் நிரப்பினால் மேலே போடும் தரை வெடிக்கும். செயலியில் படமாவது இருக்கும்.

எளிமை: சீட்டுக்கு சிக்னல் வேண்டாம்.

பத்து இருபது லோடு, தெரிந்த லாரிக்காரர் என்றால் சீட்டே போதும். பல தளங்களுக்கு மாதக்கணக்கில் மண் போகிறதா? செயலிதான். எதை எடுத்தாலும் மண்ணை ஏற்றிச் செல்லக் கனிமவளத் துறை தரும் அனுமதியான நடைச்சீட்டு தனியாக வேண்டும்.