ஷேர்பாயிண்ட் கோப்புகளைப் பட்டியலிடுவது: கிராஃப் ஏபிஐயுடன் நான்கு வருடம்

திருப்பூரில் நான் வேலை பார்க்கும் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனத்தின் ஆவணங்கள் எல்லாம் ஷேர்பாயிண்ட் (மைக்ரோசாப்டின் ஆன்லைன் கோப்புச் சேமிப்பிடம்) லைப்ரரி ஒன்றில் இருக்கின்றன. ஒவ்வொரு ஷிப்மெண்ட்டுக்கும் ஒரு ஃபோல்டர். அதற்குள் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பி.எல். (பில் ஆஃப் லேடிங்) காப்பி, பணம் வந்த பிறகு வங்கிச் சான்றிதழ். எந்த ஷிப்மெண்ட்டுக்கு எந்தத் தாள் இன்னும் ஏறவில்லை என்று மாதம் ஒருமுறை பட்டியல் எடுத்து டாக்குமெண்டேஷன் பிரிவுக்குத் தர வேண்டும். மைக்ரோசாப்ட் கிராஃப் ஏபிஐ (ஸ்கிரிப்ட் நேரடியாகத் தகவல் கேட்டு வாங்கும் வழி) வழியாக அந்த வேலையைச் செய்யும் பைத்தான் ஸ்கிரிப்டை நான்கு வருடமாக நான்தான் கவனித்துக்கொள்கிறேன். இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்கு உதவும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடக்கம் ரொம்ப எளிது. டிரைவின் (அதாவது லைப்ரரியின்) ஐடி, அடுத்து ரூட் என்ற மேல்மட்ட ஃபோல்டர், அடுத்து அதற்குள் இருப்பவற்றைக் கேட்கும் சில்ட்ரன். இந்த மூன்றையும் சேர்த்து ஒரு கெட் ரிக்வெஸ்ட் அனுப்பினால் கோப்புகளின் பெயர், அளவு, கடைசியாகத் திருத்திய நேரம் எல்லாம் ஜேசனாக (நிரல்கள் எளிதில் படிக்கும் எழுத்து வடிவம்) வந்துவிடும். முதல் நாள் மாலையே ஸ்கிரிப்ட் ஓடியது. மறுநாள் காலை பட்டியலை அனுப்பியும் விட்டேன்.

பதினொரு மணிக்கு அந்தப் பிரிவின் அக்கா கூப்பிட்டார். "தம்பி, இங்க வந்து பாருங்க. கண்ணு முன்னாடி இருக்கு, இல்லைன்னு போட்டிருக்கீங்க." அவர் திரையில் அந்த ஷிப்மெண்ட்டின் ஃபோல்டர் திறந்திருந்தது. ஐந்து தாள்களும் வரிசையாக இருந்தன. என் பட்டியலிலோ அந்த ஃபோல்டரே இல்லை. அந்த வருடத்தில் மொத்தம் 340 ஷிப்மெண்ட். காலையிலிருந்து அவர் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். என் இருக்கைக்குத் திரும்பி எண்ணிப் பார்த்தேன். எனக்கு வந்திருந்தவை சரியாக 200.

நாமாக எண் எதுவும் சொல்லாவிட்டால் சில்ட்ரன் அழைப்பு ஒரு பக்கத்துக்கு 200 உருப்படிதான் தரும். மிச்சம் இருந்தால் அதே பதிலில் நெக்ஸ்ட் லிங்க் என்று ஒரு முகவரியும் வரும். அதைப் பிடித்துக்கொண்டு அடுத்த பக்கத்துக்குப் போக வேண்டும். மைக்ரோசாப்டின் விளக்க ஆவணத்தில் இதெல்லாம் தெளிவாகத்தான் இருந்தது, நான்தான் அந்தப் பகுதியைப் படிக்காமல் விட்டிருந்தேன். பிழை என்று எதுவும் வராததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. எல்லாம் சரி என்று சொல்லும் ஸ்டேட்டஸ் எண்ணும் 200, எண்ணிக்கையும் 200. இந்த வேலையில் நான் இன்றுவரை பயப்படுவது இந்த ஒன்றுக்குத்தான். பட்டியல் பாதியில் நின்றாலும் பார்ப்பதற்கு முழுசாகத்தான் தெரியும்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒரு பக்கத்தில் 200க்குக் குறைவாக வந்தால் அதுதான் கடைசிப் பக்கம் என்று முடிவு கட்டக் கூடாது. காலியான பக்கம்கூட நெக்ஸ்ட் லிங்க்கோடு வரலாம். அந்த லிங்க் இல்லாத பதில் வரும்வரை போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

சில்ட்ரன் நேரடியாக உள்ளே இருப்பதை மட்டும்தான் தரும். அடுத்த அடுக்குக்கு ஒவ்வொரு ஃபோல்டரையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எங்கள் லைப்ரரியில் சுமார் 60,000 கோப்புகள். முழுசாக நடந்துவர முதலில் ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. உள்ளே போகும் சீட்டான அணுகல் டோக்கனின் ஆயுள் வழக்கமாக 60 முதல் 90 நிமிடம்தான் என்பதால் நடுவழியில் 401 (அனுமதி இல்லை) வந்து நின்றது. சரி, டோக்கனைப் புதுப்பித்துக்கொண்டு தொடரும்படி எழுதினேன். வேகத்தைக் கூட்ட ஒரே நேரத்தில் பல ஃபோல்டர்களைக் கேட்டபோது 429 (கோரிக்கைகள் அதிகம்) வந்தது. அப்படி வந்தால் பதிலின் ஹெடரில் எத்தனை விநாடி பொறுக்க வேண்டும் என்றும் இருக்கும். அந்த எண்ணை மதித்தால் போதும். மதிக்காமல் திரும்பத் திரும்பத் தட்டினால் காத்திருப்பு நீளும்.

இந்த அவதியெல்லாம் டெல்டா என்ற வேறொரு கிராஃப் அழைப்புக்கு மாறியதும் தீர்ந்தது. நான்கு வருடத்தில் செய்த மாற்றங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரூட்டில் டெல்டா என்று கேட்டால் எல்லா அடுக்குகளும் ஒரே ஓட்டமாகப் பக்கம் பக்கமாக வரும். கடைசிப் பக்கத்தில் ஒரு டெல்டா லிங்க் கிடைக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டு மறுநாள் அதையே கூப்பிட்டால், இடையில் சேர்ந்தது, மாறியது, அழிந்தது மட்டும் வரும். ஒன்றரை மணி நேர வேலை இப்போது ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது. ஒரே கோப்பு இரண்டு முறை வந்தால் கடைசியாக வந்ததைத்தான் எடுக்க வேண்டும். எப்போதாவது 410 வந்தால் பழைய லிங்க் செல்லாது என்று அர்த்தம், முதலிலிருந்து மறுபடி முழுசாக எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் டெல்டாவிலும் ஒரு பாடம் கற்க வேண்டியிருந்தது. ஒருநாள் யாரோ பழைய வருடத்தின் ஃபோல்டர் பெயரை மாற்றினார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான கோப்புகள். டெல்டாவில் வந்தது ஒரே ஒரு உருப்படி, அந்த ஃபோல்டர் மட்டும். நானோ ஒவ்வொரு கோப்பின் முழுப் பாதையையும் எழுத்தாகச் சேமித்து வைத்திருந்தேன். அத்தனையும் ஒரே இரவில் தப்பாகிவிட்டன. டெல்டா பதிலில் தாய் ஃபோல்டரின் பாதை ஏன் வருவதில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது. கோப்பின் ஐடி, தாய் ஃபோல்டரின் ஐடி இரண்டையும் மட்டும் வைத்துக்கொண்டு, பாதை தேவைப்படும்போது கீழிருந்து மேலே கோத்துக்கொள்ள வேண்டும். பெயர் மாறினாலும், அதே லைப்ரரிக்குள் இடம் மாறினாலும் ஐடி மாறாது.

பெயர்களில் வேறு இடைஞ்சல்களும் உண்டு. பில் எண்ணுக்கு முன்னால் ஹேஷ் குறி போடுவது எங்கள் ஊர் வழக்கம். பாதை வழியாகக் கேட்கும்போது அதை என்கோடு செய்யாவிட்டால் (முகவரிக்கு ஏற்ற குறியீடாக மாற்றாவிட்டால்) அதற்குப் பின்னால் இருப்பதெல்லாம் சர்வருக்குப் போகவே போகாது. அப்புறம் தமிழ்ப் பெயர்கள். "கொள்முதல்" என்று இரண்டு ஃபோல்டர்கள் இருந்தன. திரையில் எழுத்துக்கு எழுத்து ஒன்றுதான், என் ஸ்கிரிப்ட் மட்டும் வேறு வேறு என்றது. பைட்டுகளைப் பிரித்துப் பார்த்தேன். ஒன்றில் 'கொ'வின் ஒகரக் குறி ஒரே குறியீடாக இருந்தது. மற்றதில் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகள். யூனிகோடில் இரண்டும் சரிதான், எந்த விசைப்பலகையில் தட்டினோம் என்பதைப் பொறுத்து மாறும். ஒப்பிடுவதற்கு முன் பெயர்களை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்குக் கொண்டுவந்தால் தீர்ந்தது. தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் யாரும் இதை முதல் நாளே செய்துவிடலாம்.

அனுமதி பற்றியும் கொஞ்சம். ஒரு பயனரின் பெயரில் உள்ளே போனால் அவர் பார்க்கக்கூடியவை மட்டுமே பட்டியலில் வரும். மறைக்கப்பட்டவை இருக்கின்றன என்ற குறிப்பும் வராது. இதுவும் முழுசாகத் தெரியும் பாதிப் பட்டியல்தான். அதனால் பயனர் பெயரில் இல்லாமல் ஆப்பின், அதாவது என் ஸ்கிரிப்டின், பெயரிலேயே அனுமதி வாங்கினேன். எல்லாத் தளங்களையும் திறந்துவிடாமல், சைட்ஸ் செலக்டட் என்ற அனுமதியில் அந்த ஒரு தளத்தை மட்டும் கேட்டேன். ஐடி பிரிவும் தயங்காமல் ஒப்புக்கொண்டது. மைக்ரோசாப்ட் போர்ட்டலில் உருவாக்கும் கிளையண்ட் சீக்ரெட்டுக்கு (ஆப்பின் கடவுச்சொல் போன்றது) அதிகபட்சம் 24 மாதம்தான் ஆயுள். அதை நான் எங்கும் குறித்துவைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை எல்லாம் நின்றது. இப்போது முடிவதற்கு ஒரு மாதம் முன்பே நினைவூட்டல் வந்துவிடும்.

பழைய ஷேர்பாயிண்ட் ரெஸ்ட் ஏபிஐயையும் சில மாதம் பயன்படுத்தினேன். லைப்ரரியின் தனி நெடுவரிசைகளை வைத்து வடிகட்ட அது வசதி. ஆனால் இண்டெக்ஸ் (வேகமாகத் தேட உதவும் அட்டவணை) இல்லாத நெடுவரிசையில் வடிகட்டினால் 5,000 உருப்படி வரம்பில் முட்டி நிற்கும். எனக்குத் தேவை முழுப் பட்டியல் என்பதால் கிராஃபிலேயே தங்கிவிட்டேன்.

போன வருடம் ஒரு சரிபார்ப்பையும் சேர்த்தேன். ஒவ்வொரு ஃபோல்டரின் தகவலிலும் அதற்குள் எத்தனை உருப்படி என்ற எண்ணிக்கை வருகிறது. நான் திரட்டியது அதோடு பொருந்தாவிட்டால் அறிக்கை போகாது, முதலில் எனக்குத்தான் தகவல் வரும். இந்த மாதப் பட்டியலில் "இல்லை" என்று மூன்று ஷிப்பிங் பில்கள் வந்திருந்தன. அக்கா லைப்ரரியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நேராக கிளியரிங் ஏஜெண்ட்டுக்கு போன் போட்டார். மதியச் சாப்பாட்டுக்குள் மூன்றும் ஏறிவிட்டன.